அஸ்கர் தம்பியைக் காட்டில் வைத்து விசாரித்த விவரம்

2007-ம் வருடம் ஜூன் மாதம் 11-ம் தேதி, அமெரிக்கா தேசம், ஒஹாயோ மாநிலம், கொலம்பஸ் நகரில் மகள் ஃபராவின் வீட்டு மாடி அறையில் தற்காலிகமாக வசிக்கும் ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஜாபர் ஆகிய நான், காஞ்சிபுரம் மாவட்டம், தாம்பரம் வட்டம், முடிச்சூரில் வசிக்கும் என் மனைவியின் தம்பியும் என் அருமை மச்சானுமாகிய ஜமீருக்கு, சுயநினைவுடனும் பிறர் தூண்டுதல் இன்றியும் எழுதிக்கொள்ளும் கடிதம் என்னவென்றால்:

அஸ்ஸலாமு அலைக்கும். இவ்விடம் நானும் உன் அக்கா அஜீசாவும் மகளும் மருமகனும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். என் இடது முழங்கை மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, அதன் காரணம் கீழே வரும். போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். இந்த வீட்டில் நான் போனை எடுத்தால் ஃபரா உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், உன் அக்கா அடுப்படியில் இருந்தபடியே எனக்கு முன்னால் பதில் சொல்லிவிடுகிறாள். நம் காரியமோ ரகசியம். ஆகையால் கடிதம்.

காரியம் உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் எதுவும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் முப்பது வருடத் தொழில் பழக்கம், அதனால் எழுதிவிடுகிறேன். தரகர் மூலமாக உன் மகள் சோயாவுக்கு ஒரு வரன் வந்தது. பையன் பெயர் அஸ்கர். தகப்பனாருக்கு நாவலூரில் கண்ணாடிக் கடை. பழைய மகாபலிபுரம் ரோட்டில் நிற்கிற கம்பெனிக் கட்டடங்களில் பாதிக்கு அவர் மாட்டிய கண்ணாடிதான் என்று தரகர் சொன்னார். பையன் சிறுசேரியில் வேலை பார்த்து, கம்பெனி அனுப்பி, இப்போது ஃபரா இருக்கிற இதே ஊரில் இருக்கிறான். நாங்கள் புறப்பட்ட அன்று மீனம்பாக்கத்தில் தள்ளுவண்டியை மறித்துக்கொண்டு நீ என் காதில் சொன்னாய்: "மச்சான், பையனை நல்லா விசாரிச்சுச் சொல்லுங்க. மாசக் கடைசிக்குள்ள நாவலூருக்குப் பதில் சொல்லணும். அக்காவுக்குத் தெரிய வேணாம், ஊருக்கே சொல்லிடும். உங்க வார்த்தைதான்." உங்க வார்த்தைதான் என்று நீ சொன்னதும் நான் தள்ளுவண்டியை அவசரமாக உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டேன். ஏனென்றால் போன தடவையும் என் வார்த்தைதான். அந்தப் பல்லாவரத்துப் பையனை நான்தான் விசாரித்து, "தங்கமான பிள்ளை" என்று சொன்னேன். நிச்சயம் முடிந்து, பத்திரிகை அடித்து, பாதி பேருக்குக் கொடுத்த பிறகுதான் துபாயில் அவனுக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருப்பது தெரிந்தது. நான் விசாரித்த டீக்கடைக்காரர் பையனுக்குத் தாய்மாமன் என்று எனக்கு எப்படித் தெரியும்? சோயா அன்றைக்கே மிச்சமிருந்த பத்திரிகைகளின் வெள்ளைப் பின்பக்கத்தில் மளிகை லிஸ்ட் எழுத ஆரம்பித்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவமானமாக இருக்கும், மச்சான். இந்தத் தடவை ஏமாறக்கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் விமானம் ஏறினேன்.

வந்து இறங்கிப் பார்த்தால் இங்கே விசாரிக்கவே ஆளில்லை. நம்ம ஊரில் ஒரு பையனைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் டீக்கடை, பள்ளிவாசல், சலூன், ஆட்டோ ஸ்டாண்டு, மளிகைக்கடை என்று ஒரு சுற்று சுற்றினால் அவன் மூன்றாம் வகுப்பில் யாரைக் கடித்தான் என்பது வரைக்கும் வந்துவிடும். இங்கே தெருவில் மனித வாசனையே கிடையாது. அண்டை வீட்டுக்காரர் காரோடு வீட்டுக்குள்ளே போகிறார், கதவு தானாக இறங்குகிறது, அவ்வளவுதான், மறுநாள் காலைதான் திறக்கும். பெட்ரோல் பங்க் வரைக்கும் நடந்துபோய் கவுண்டரில் இருந்தவனிடம், "அஸ்கர் என்று ஒரு பையன், இந்தியன், சிவப்பா, கண்ணாடி போட்டவன், குணம் எப்படி?" என்று என் இங்கிலீஷில் கேட்டேன். அவன் எனக்கு ஒரு மேப்பை எடுத்துக் கொடுத்தான். பையன் ரெண்டு தடவை வீட்டுக்குச் சாப்பிட வந்தான். தலையை வாரி, சட்டையை உள்ளே விட்டு, போட்டதைச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். ரெண்டு மணி நேரத்துக்கு யார்தான் நல்லவனா இருக்க மாட்டான்? அந்தப் பல்லாவரத்தானும் தட்டைக் கழுவினவன்தானே? ஒண்ணு மட்டும் எனக்குப் புதுசா இருந்தது. இங்கே எல்லாப் பிள்ளைங்களும் அங்கிள்னு கூப்பிடுறப்ப இவன் முதல் நாளே "மாமா"ன்னு கூப்பிட்டான். நல்ல வளர்ப்புன்னு நினைச்சேன்.

இப்படி நான் முழிச்சுக்கிட்டு இருக்கும்போதுதான் ஃபரா ஒரு நாள், "அத்தா, வர்ற வெள்ளிக்கிழமை நாம எல்லாரும் கேம்பிங் போறோம், ரெண்டு ராத்திரி, அஸ்கரும் வர்றாரு"ன்னா. கேம்பிங்னா என்னம்மான்னு கேட்டேன். காட்டுல கூடாரம் போட்டு, தரையில படுத்து, விறகு அடுப்புல சமைச்சுச் சாப்பிடுறதாம். எனக்கு ஒண்ணும் புரியலே. ஏ.சி. இருக்கிற வீடு, ஹீட்டர் இருக்கிற வீடு, பொத்தானைத் தட்டினா பாத்திரம் கழுவுற வீடு, இதையெல்லாம் பூட்டிட்டு எதுக்கு இவங்க தரையில போய்ப் படுக்கிறாங்க? மருமகனைக் கேட்டேன். "ரிலாக்ஸ் பண்றதுக்கு மாமா"ன்னார். நம்ம பாலாத்தங்கரையில ஜனங்க அப்படித்தான் இருக்காங்க, யாரும் ரிலாக்ஸா இருக்கிற மாதிரி நான் பார்த்ததில்லையே. ஆனா மனசுக்குள்ள அல்ஹம்துலில்லாஹ்ன்னு சொல்லிக்கிட்டேன். ரெண்டு ராத்திரி மூணு பகல் ஒரு ஆளைப் பக்கத்துல வச்சுப் பார்த்தா உள்ளே இருக்கிறது வெளியே வராமப் போயிடுமா? சொத்துக்கு வில்லங்கம் பார்க்கிற மாதிரி பையனுக்கும் பார்த்துடலாம்னு ஒரு சின்ன நோட்டை வாங்கிச் சட்டைப் பையில வச்சுக்கிட்டேன்.

அந்தக் காடு இங்கேயிருந்து ரெண்டு மணி நேரம். அரசாங்கக் காடு. இருநூறு வருஷத்துக்கு முந்தி வெள்ளைக்காரங்க கிழக்கேயிருந்து மாட்டுவண்டியில வந்து முதமுதல்ல குடியேறின எல்லையாம் அது. அவங்க கட்டின மரக்கோட்டையை அதே மாதிரி திரும்பக் கட்டி வச்சிருக்காங்க. சுத்தி ஓக் மரமும் பேர் தெரியாத மரமுமா வானமே தெரியலே. கூடாரம் போடுற இடத்துல மூணு தரம் உண்டாம். கரண்டு தண்ணி ரெண்டும் இருக்கிற இடம், தண்ணி மட்டும் இருக்கிற இடம், ஒண்ணுமே இல்லாத இடம். ஒண்ணுமே இல்லாத இடத்துக்கு ரஸ்டிக்குன்னு ஒரு பேர் வச்சு, அதுக்கும் மூணு மாசம் முந்தியே புக் பண்ணணுமாம். மருமகன் பெருமையா அதைத்தான் பிடிச்சிருக்கார். கக்கூஸ்னா மரத்துல ஒரு ரூம், நடுவுல ஒரு ஓட்டை, எட்டிப் பார்த்தா பாதாளம். தண்ணி கிடையாது. நல்லவேளை, உன் அக்கா தாம்பரம் மார்க்கெட்டுல வாங்கின சிவப்பு மக்கை மறக்காமக் கொண்டுவந்திருந்தா. அந்த மக்கைக் கையில பிடிச்சுக்கிட்டு நான் காட்டுக்குள்ள நடந்தப்ப எதிர்ல வந்த வெள்ளைக்காரக் குடும்பம், "காபியா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க. நானும் "எஸ், எஸ்"னு சொல்லிட்டுப் போயிட்டேன்.

இதுக்கு முந்தி வாசல்லயே ஒரு சங்கதி நடந்துபோச்சு. ஃபரா வீட்டுப் பின்னாடி போன மாசம் ஒரு மரத்தை வெட்டிப் போட்டிருந்தாங்க. நல்ல காய்ஞ்ச விறகு, சும்மாக் கிடக்குது. நான் அதை அழகாக் கட்டி, ஃபரா வேண்டாம் வேண்டாம்ன்னு சொல்லச் சொல்ல, காரு மேல ஏத்திட்டேன். காட்டு வாசல்ல காக்கிச் சட்டை போட்ட ஒரு ரேஞ்சர் அம்மா காரை நிறுத்தி, "இந்த விறகு எந்த ஜில்லா?"ன்னு கேக்குறாங்க. விறகுக்கு ஜில்லா கேட்டு நான் என் ஆயுசுல கேள்விப்பட்டதில்லே. ஏதோ ஒரு பச்சை வண்டு இருக்குதாம், விறகுல ஒளிஞ்சு ஊர்விட்டு ஊர் போயி மரத்தையெல்லாம் சாகடிக்குதாம், அதனால ஒரு ஜில்லா விறகு இன்னொரு ஜில்லாவுக்குப் போகக் கூடாதாம். "யார் ஏத்தினது?"ன்னு அந்தம்மா கேட்டாங்க. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள பின் சீட்டுல இருந்த அஸ்கர், "ஸாரி, நான்தான். எனக்கு ரூல் தெரியாது"ன்னுட்டான். நான் நோட்டை எடுத்து எழுதிட்டேன்: வில்லங்கம் ஒன்று, கூசாமல் பொய் சொல்கிறான். என்ன மச்சான், எனக்காகத்தானே சொன்னான்னு கேப்பே. எனக்காகச் சொன்னாலும் பொய் பொய்தானே? பழக்கம் இல்லாதவனுக்கு அவ்வளவு சுருக்கா வருமா?

காடு பூராவுக்கும் பொதுவா ஒரு அடிபம்பு மட்டும் இருந்துது. சத்தியமா, நம்ம முடிச்சூர் தெருமுனையில இருக்குமே, அதே பச்சைப் பெயின்ட் அடிச்ச அடிபம்பு. நாலு வெள்ளைக்காரங்க குடத்துக்குப் பதிலா பிளாஸ்டிக் டப்பாவை வச்சுக்கிட்டு மாத்தி மாத்தி அடிக்கிறாங்க, காத்துதான் வருது. நான் போயி, "வெயிட்"னு சொல்லி, மக்குல இருந்த தண்ணியை மேல ஊத்தி, நாலு இழு இழுத்தேன், குபுகுபுன்னு கொட்டுச்சு. எல்லாரும் கையைத் தட்டினாங்க. ஒரு அம்மா என்னை போட்டோ எடுத்தாங்க. இதையும் விசாரணைக் கண்ணோடதான் பார்த்தேன், அஸ்கருக்குப் பொறாமையா முகம் சுளிக்குதான்னு. அவன் டப்பாவைத் தூக்கிக்கிட்டு வந்து, "மாமா, எனக்கும் சொல்லிக்குடுங்க"ன்னு நின்னான். இதை எந்தப் பக்கம் எழுதுறதுன்னு தெரியாம விட்டுட்டேன்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்கு நேரமாச்சு. வக்து வந்ததும் நான் பழக்கத்துல மேற்கே பார்த்து விரிப்பைப் போட்டேன். தாம்பரத்துல இருந்து மக்கா மேற்கேதானே, அறுபது வருஷமா அப்படித்தானே நிக்கிறோம். அஸ்கர் மெதுவா வந்து, "மாமா, இங்கேயிருந்து வடகிழக்கு"ன்னான். எனக்குச் சுருக்குன்னு ஆச்சு. சரி, நாம மக்காவைத் தாண்டி மேற்கே வந்துட்டோம், அதனால கிழக்கே திரும்பணும், ஒத்துக்கறேன். வடக்கு எங்கேயிருந்து வந்துது? அவன் உன் அக்கா கூடையில இருந்து ஒரு பெரிய வெங்காயத்தை எடுத்து, மக்காவுக்கு ஒரு கிராம்பு, கொலம்பஸுக்கு ஒரு கிராம்பு குத்தி, ரெண்டுக்கும் நடுவுல நூலை இழுத்துக் கட்டிக் காமிச்சான். நூலு பாரு, நேராப் போகாம வெங்காயத்தோட தலை வழியா வளைஞ்சு வடக்கே ஏறி இறங்குது! நான் விடுவேனா, "பெரியவங்க பேச்சுக்கு மரியாதை குடுக்கிறவனா இருந்தா என் பின்னாடி மேற்கே நில்லு"ன்னேன். சோதிக்கத்தான் சொன்னேன். அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "வேற எதுன்னாலும் நீங்க சொன்ன மாதிரி மாமா. இதுல மட்டும் தெரிஞ்சே திரும்ப முடியாது"ன்னான். உன் அக்கா அடுப்புப் பக்கமா இருந்து, "போதும், வெங்காயத்தைக் குடுங்க, தாளிக்கணும்"ன்னா. நான் வடகிழக்கே திரும்பிட்டேன். வெங்காயத்துக்காகத்தான் திரும்பினேன், பையனுக்காக இல்லே. நோட்டுல 'பிடிவாதம்'னு எழுதினேன். எழுதிட்டு, பொய் சொல்றவன் எப்படி இதுல இவ்வளவு உறுதியா நிக்கிறான்னு யோசிச்சு, ஒரு கேள்விக்குறியும் போட்டேன்.

அடுத்ததை எழுதக் கை கூசுது மச்சான். ஆனா எழுதிட்டுத்தான் மறுவேலை. நம்ம நெத்திலிக் கருவாடு இல்லாம எனக்குச் சோறு இறங்காதுன்னு உனக்குத் தெரியும். அந்தக் காட்டுல அஞ்சு அடிக்கு ஒரு போர்டு, சாப்பாட்டுச் சாமானைக் கூடாரத்துக்குள்ள வைக்காதே, இரும்புப் பெட்டியில வச்சுப் பூட்டுன்னு. எல்லாச் சாமானையும் பூட்டியாச்சு. நான் மட்டும் ஒரு பொட்டலம் நெத்திலியை என் குரங்குக் குல்லாவுக்குள்ள சுருட்டித் தலைமாட்டுல வச்சுக்கிட்டேன். பெட்டியில வச்சா மருமகன் வாடை வருதுன்னு சொல்வாரேன்னு ஒரு கூச்சம், வேற ஒண்ணுமில்லே. விடியற்காலையில ஃபஜ்ரு தொழுதுட்டு மறுபடி கண்ணசந்தேன். மூஞ்சியில மீசை உரசுச்சு. உன் அக்காவுக்கு மீசை கிடையாதேன்னு கண்ணைத் திறந்தா, நம்ம ஊரு மரநாய் சைஸுல ஒண்ணு, கண்ணைச் சுத்திக் கறுப்புப் பட்டை கட்டினது, என் குல்லாவை ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுக்குது. ரக்கூனாம். நானும் இழுத்தேன். குல்லா என்னுது, விட முடியுமா? அது பல்லைக் காமிச்சுது, நான் யா அல்லாஹ்ன்னு கத்தினேன், மருமகன் எழுந்து கம்பத்து மேல விழுந்தார், கூடாரம் அப்படியே ஆம்பிளைங்க எங்க மூணு பேர் மேலயும் ரக்கூன் மேலயும் உட்கார்ந்துடுச்சு. முழங்கை வீங்கின காரணம் இதுதான். வெளியே வந்து பார்த்தா பெண்கள் கூடாரத்துல இருந்து உன் அக்காவும் ஃபராவும், பக்கத்து இடத்து வெள்ளைக்காரங்க, அதே ரேஞ்சர் அம்மா, எல்லாரும் நிக்கிறாங்க. ரக்கூன் குல்லாவோட மரத்து மேல உட்கார்ந்து நெத்திலி தின்னுது. "உள்ளே சாப்பாடு வச்சது யார்?"ன்னு அந்தம்மா கேட்டாங்க. நான் வானத்தைப் பார்த்தேன். முப்பது வருஷம் சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசல்ல உட்கார்ந்து ஆயிரம் பேருக்கு சாட்சிக் கையெழுத்து வாங்கிக் குடுத்தவன், ஒரு நெத்திலிக்கு வாயைத் திறக்கலே. அஸ்கர் முன்னாடி போயி, "என்னுதுதான், ஸாரி"ன்னான். அந்தம்மா அவனை ஒரு கால் மணி நேரம் நிக்க வச்சுப் புத்தி சொன்னாங்க. அவன் கையைக் கட்டிக்கிட்டுக் கேட்டுக்கிட்டான். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கலே. எனக்கு வெட்கமா இருந்துது. அப்படியும் பாரு, என் புத்தி எப்படிப் போச்சுன்னா, கோபமே வராத ஆளுக்குள்ள ஏதோ பெரிசா இருக்கும்னு எழுதி வச்சேன்.

மத்தியானம் கோட்டையைப் பார்க்கப் போனோம். முழு முழு மரத்தை அடுக்கிக் கட்டின சுவரு, மூலைக்கு மூலை காவல் வீடு. உள்ளே மான்தோல் சட்டை போட்ட ஒரு பெரியவர், கையில நீளத் துப்பாக்கி. அவர் இருநூறு வருஷத்துக்கு முந்தி இருக்கிற ஆளாவே பேசுவாராம், அதுக்குத்தான் அவருக்குச் சம்பளம். மருமகன் செல்போனைக் காமிச்சு இது என்னன்னு கேட்டா, "சோப்புக் கட்டியா?"ன்னு கேக்கிறார். பிரமாதமான ஆளு. நான் விடலே. "ஐயா, இந்த இடம் யார் பேருல இருக்குது?"ன்னேன். "என் பேருல"ன்னார். "யார்கிட்ட வாங்கினீங்க?" அவர் என்னைக் கூட்டிக்கிட்டுப் போயி ஒரு மரத்தைக் காமிச்சார். கோடாலியால பட்டையைச் செதுக்கி ரெண்டு எழுத்து வெட்டியிருந்துது. குடியேறினவங்க வந்து, பிடிச்ச இடத்தைச் சுத்தி நாலு மரத்துல இப்படி வெட்டிட்டா அது அவங்க இடமாம்! எனக்குத் தலை கால் புரியலே மச்சான். நம்ம பக்கத்துல ஏரிக்கு ஓரமா ராவோட ராவா நாலு கல்லை நட்டு, சுண்ணாம்பு அடிச்சு, வளைவு வச்சு நகர்னு பேர் போடுவானுங்களே, அதேதான். கல்லுக்குப் பதிலா மரம். நான் நெஞ்சு நிமிர்த்திக்கிட்டு, "அதெல்லாம் சரி ஐயா, தாய்ப் பத்திரம் எங்கே? உங்களுக்கு முந்தி அனுபவத்துல இருந்தது யார்?"ன்னேன். பெரியவர் துப்பாக்கியைத் தோள் மாத்திக்கிட்டு, தொண்டையைச் செருமிட்டு, கக்கூஸுக்குப் பக்கத்துல இருந்த ஒரு போர்டைக் கையால காமிச்சார்.

மத்தவங்கெல்லாம் பசிக்குதுன்னு போயிட்டாங்க. அஸ்கர் மட்டும் நின்னு அந்த போர்டு பூரா எனக்குத் தமிழ்ல வரி விடாமச் சொன்னான். ஷாவ்னின்னு ஒரு ஜனம், இன்னும் ரெண்டு மூணு ஜனம், இங்கேயே மக்காச்சோளம் போட்டு வாழ்ந்தவங்க. சண்டை நடந்துது, தோத்தாங்க. அவங்க தலைவருங்க ஒரு ஒப்பந்தத்துல ஆளுக்கொரு குறி போட்டுக் குடுத்தாங்க. அப்புறம் ஆத்தைத் தாண்டி எங்கேயோ மேற்கே அனுப்பிட்டாங்க. "குறின்னா கைநாட்டா?"ன்னேன். "ஆமா மாமா." "படிச்சுக் காமிச்சாங்களாமா? வாசிக்கக் கேட்டு ஒப்புக்கொண்டுன்னு ஒரு வரி இருக்கணுமே?" "அது போர்டுல இல்லே மாமா"ன்னான். அப்ப என்னவோ தோணிச்சு, கேட்டுட்டேன். "தம்பி, அந்தக் காலத்துல நீ ஒரு கோடாலியோட இங்கே வந்து நின்னிருந்தா மரத்துல வெட்டியிருப்பியா?" நல்ல பேர் வாங்க நினைக்கிற எந்தப் பையனும் சே சேன்னுதானே சொல்லுவான்? அவன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சான். "வெட்டியிருப்பேன்னுதான் நினைக்கிறேன் மாமா. சுத்தி எல்லாரும் வெட்டும்போது நான் மட்டும் சும்மா இருந்திருப்பேன்னு சொன்னா, அது பொய்"ன்னான்.

முப்பது வருஷமா எத்தனை பேருக்கு எழுதியிருக்கேன் மச்சான், தன் சொத்துல இருக்கிற வில்லங்கத்தைத் தானா வாயைத் திறந்து சொன்ன ஒருத்தனை நான் பார்த்ததில்லே. ஊரானுக்காகப் பழியை ஏத்துக்கப் பொய் சொல்றான், தனக்காகன்னு வந்தா உண்மையைச் சொல்றான். நான் தலைகீழா எழுதிக்கிட்டு இருந்திருக்கேன். நோட்டை எடுத்து எல்லாத்தையும் அடிச்சேன். அதோட நின்னுதா? எனக்கும் வாய் திறந்துக்கிச்சு. உன் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு லேஅவுட் இருக்கே, அதுக்கு முதல் பத்திரம் நான்தான் எழுதினேன். வடக்கு எல்லையில வாய்க்கால் ஓடுது, என் கண்ணால பார்த்தேன். வாய்க்கால்னு எழுத வேண்டாம், பாதைன்னு எழுதுங்க பாய்னு சொன்னாங்க. எழுதினேன். பதிமூணு வருஷமா உன் அக்காகிட்டகூடச் சொன்னதில்லே, அந்த போர்டு பக்கத்துல நின்னு அவன்கிட்டச் சொன்னேன். அவன் பரவாயில்லை மாமான்னு சொல்லலே. "ஊருக்குப் போனதும் அங்கே இருக்கிறவங்ககிட்டச் சொல்லிடுங்க மாமா, மழைக்காலத்துல தெரிஞ்சிருந்தா நல்லது"ன்னான். வந்ததும் சொல்லத்தான் போறேன். நெத்திலி விஷயத்தையும் அன்னிக்குச் சாயங்காலமே ரேஞ்சர் அம்மாகிட்டப் போயி ஒத்துக்கிட்டேன். அந்தம்மா சிரிச்சு, "எங்களுக்குத் தெரியும் சார், குல்லா உங்களுதுதானே"ன்னாங்க.

ஆகவே, அருமை மச்சான், மேற்படி நாவலூர் கண்ணாடிக் கடைக்காரரின் மகன் அஸ்கரை நான் நேரில் கண்டு, காட்டில் வைத்து, தொழுகையிலும் பதற்றத்திலும் சோதித்துப் பார்த்த வகையில், அன்னார் மீது யாதொரு வில்லங்கமும் இல்லை என்று மனப்பூர்வமாக உறுதி கூறுகிறேன். போன தடவை மாதிரி இல்லை, இந்தத் தடவை என் தலையை அடமானம் வைத்துச் சொல்வேன். நாவலூருக்குச் சம்மதம் என்று சொல்லி அனுப்பு. ஆனால் அதற்கு முன்னால் சோயாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல். அது பாவம், ஒன்றும் அறியாத பிள்ளை, ஒரு தடவை அடிபட்டது. இப்படி ஒரு பையன் உலகத்தில் இருப்பதே அதற்குத் தெரியாது. அதன் வாயால் சரி என்று சொன்ன பிறகுதான் மேற்கொண்டு எதுவும். உன் அக்காவிடம் நான் சமயம் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன். உன் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் சலாம். சோயாவுக்கு என் துஆ. அல்லாஹ் எல்லாக் காரியத்தையும் லேசாக்கி வைப்பானாக. இதை நானே எழுதி, நானே வாசித்துப் பார்த்து, சம்மதித்துக் கையொப்பம் இட்டேன்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள மச்சான்
ஜாபர்

பின்குறிப்பு: ஒட்டின கவரைப் பிரிச்சு இதை எழுதுறேன் மச்சான். ஸ்டாம்பு கேக்கக் கீழே போனேன். உன் அக்கா என் கையில இருந்த கவரைப் பார்த்து, "விசாரணை ரிப்போர்ட்டா?"ன்னு கேட்டா. கவரை முதுகுக்குப் பின்னால ஒளிச்சேன். நான் பெட்ரோல் பங்குல விசாரிச்ச அன்னிக்கே இவளுக்கும் ஃபராவுக்கும் எல்லாம் தெரிஞ்சிருந்துதாம். அது தரகர் கொண்டுவந்த வரன் இல்லே, உன் மகள் தரகர்கிட்டக் கொண்டுபோய்க் குடுத்த வரன். சிறுசேரியில ரெண்டு பேரும் ஒரே ஆபீஸாம். பையன் போன வருஷமே கட்டிக்கிறேன்னு கேட்டுட்டானாம், சோயாதான் பதில் சொல்லாம வச்சிருந்தாளாம். மாமா விசாரிச்சு ஒரு தடவை பட்டது போதும், இந்தத் தடவை நானே விசாரிக்கிறேன்னு ஃபராவுக்கு ஈமெயில் போட்டு, மாமாவை ரெண்டு ராத்திரி காட்டுல வச்சு அஸ்கர் தாங்குறாரான்னு பாரு, தாங்கிட்டா எங்க குடும்பத்துல யாரையும் தாங்கிடுவாருன்னு எழுதியிருக்கா. அந்த ஒண்ணுமே இல்லாத இடத்தை மூணு மாசம் முந்தியே புக் பண்ணச் சொன்னதும் அவதான். நான் பரீட்சை வைக்கப் போனேன்னு நினைச்சேன், கேள்வித்தாளே நான்தானாம். நேத்து ராத்திரி சோயா அஸ்கர்கிட்ட, மாமா எப்படி நடந்துக்கிட்டாருன்னு கேட்டிருக்கா. அவன், "ரொம்ப நல்லாப் பார்த்துக்கிட்டாரு"ன்னு ஒரே வரிதான் சொன்னானாம், விறகையும் சொல்லலே, நெத்திலியையும் சொல்லலே. அதையெல்லாம் ஃபராகிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்ட பிறகுதான் சோயா சரின்னிருக்கா. எனக்குக் கோபம் வரணும், வரலே. கண்ணுல தண்ணிதான் வந்துது. ஆகையால் மேலே எழுதின சிபாரிசு செல்லாது, அதுக்கு யாரும் காத்திருக்கலே. இந்தக் கடிதம் உன் கைக்கு வர்றதுக்கு முன்னாலயோ பின்னாலயோ அவளே வந்து உன்கிட்டச் சொல்லுவா. சொல்லும்போது ஒண்ணும் தெரியாத மாதிரி முகத்தை வச்சுக்கோ. வாய் தவறிக்கூட, "இரும்மா, நான் விசாரிச்சுட்டுச் சொல்றேன்"னு மட்டும் சொல்லிடாதே. ஃபரா செப்டம்பர் மாசத்துக்கும் அதே இடத்தைப் புக் பண்ணி வச்சிருக்கா, உன் பேருல.